ஜிஎஸ்எம் கம்மி

திருப்பூரில் ஒரு துணியைத் திட்ட வேண்டுமென்றால் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ‘ஜிஎஸ்எம் கம்மி’ என்றால் போதும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதுதான் ஜிஎஸ்எம். நூற்றெண்பது கேட்டவனுக்கு நூற்றறுபது போனால் கப்பலேறிய சரக்கும் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்ததையும், போகாமலே நின்றுவிட்டதையும் ரோல் ரோலாக வாங்கி விற்பது சேக் தாவூதின் தொழில். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே குடோன், மேலே வீடு. கம்மிச் சரக்கில்தான் அந்த வீட்டைக் கட்டினார். கம்மிச் சரக்கில்தான் இரண்டு பெண்களுக்கும் நிக்காஹ் முடித்தார். ஆனால் கம்மித் துணியில் தைத்த பனியனை அவர் ஒருநாளும் தன் உடம்பில் போட்டதில்லை. தனக்கு வேண்டிய துணியைத் தானே விரலால் தடவிப் பார்த்து எடுப்பார். மனைவி காத்தூன் பீவி தைத்துக் கொடுப்பாள். கல்யாணத்துக்கு முன் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டியவள் அவள். இன்றைக்கும் வீட்டில் ஒரு மிஷின் இருக்கிறது.

காத்தூன் பீவிக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது வயிற்றின் நடுவே நெடுக்குவாக்கில் தையல் போட்டிருந்தார்கள். மேலே தோல் நன்றாக ஆறிவிட்டது. உள்ளே ஓரிடத்தில் மட்டும் தசை சேராமல் விட்டுப் போயிற்று. அந்த வழியாகக் குடல் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. இருமினால் எலுமிச்சம்பழம் மாதிரி தெரியும். குனிந்தால் பன் ரொட்டி அளவுக்கு வரும். மல்லாந்து படுத்துக் கையால் அமுக்கினால் உள்ளே போய்விடும். குடலிறக்கம் என்பது இதுதான். பயப்படாதீர்கள், இந்தக் கதையில் ரத்தம் அதிகம் வராது.

வலியை அவள் பெரிதாகச் சொல்லவில்லை. அவளுக்குக் குறையாகப் பட்டது ஒரு நாற்காலி.

தொழுகையில் சுஜூது என்று ஒன்று உண்டு. மண்டியிட்டுக் குனிந்து, நெற்றியும் மூக்கும் தரையில் படும்படி வைப்பது. ஒருநாள் அப்படிக் குனிந்தபோது வெளியே வந்த குடல் உள்ளே போக மறுத்துக் கல்லாக நின்றுவிட்டது. எப்படியோ போனது என்று வையுங்கள். ஆனால் அதற்குப் பிறகு குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடியாதவர்கள் உட்கார்ந்தே தொழலாம், அதில் குற்றமில்லை. காத்தூன் பீவியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தித் தொழுதாள். தொழுது முடித்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்:

“பஸ்ல சீட்டுப் புடிச்சு உக்காந்துட்டுப் போற மாதிரியே இருக்குதுங்க. அடுத்த நோன்பு வர்றதுக்குள்ள என்ற நெத்தி தரையில படோணும். எனக்கு அது போதும்.”

ஆபரேஷன் செய்யப்போகிறவர் டாக்டர் சாரதாமணி. ஊர் மூலனூர்ப் பக்கம். அவர் அப்பா அங்கே முருங்கைக்காய் மண்டி வைத்திருந்தவர். அதனால் டாக்டரின் பேச்சில் இங்கிலீஷ் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். காத்தூன் பீவியைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“வெறும் தையலப் போட்டு இழுத்துக் கட்டுனா மறுபடியும் விட்டுக்குமுங்க பாய். உள்ள மெஷ் வெச்சுத்தான் மூடோணும்.”

அதுவரைக்கும் கர்ப்பப்பை, குடல் என்று போன பேச்சில் சேக் தாவூதுக்கு இடமில்லாமல் இருந்தது. மெஷ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெஷ் அவர் குடோனில் இருக்கிற சரக்கு. விளையாட்டுப் பனியனுக்கும் டவுசர் லைனிங்குக்கும் போகிற, கண்ணு கண்ணாக ஓட்டை விட்ட துணி.

“என்ன நூலுங்க டாக்டரம்மா?”

“பாலிப்ரொப்பிலீன்.”

“நெசவுங்களா, நிட்டிங்குங்களா?”

“நிட்டிங்தான். ஆனா வெட்டுனா ஓரம் பிரியாது.”

“அட,” என்றார் சேக் தாவூது.

டாக்டர் மேஜை டிராயரிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார். கம்பெனி ஆள் கொடுத்துவிட்டுப் போன சாம்பிள், தேதி முடிந்தது. ஒன்று கெட்டி, கண்கள் பொடியாக, கஞ்சி போட்டாற்போல விறைப்பாக இருந்தது. இன்னொன்று மெல்லிசு. அதன் பெரிய கண்கள் வழியாகக் கீழே இருந்த காலண்டரின் எழுத்தைப் படிக்க முடிந்தது.

“குடல் மேல நேராப் படற மாதிரி வெக்கறதுன்னா, ஒட்டாம இருக்கப் பூச்சுப் பூசின மெஷ் வேணும். அக்காவுக்கு அது வேண்டியதில்ல. தசைக்கும் உள்சவ்வுக்கும் நடுவுல வெக்கப்போறோம்.”

“லைனிங் மாதிரிங்க.”

“அப்படித்தான் வெச்சுக்கங்க. இந்தக் கெட்டி நூறு கிராம் பக்கம் வரும். இது லைட் வெயிட்டு. முப்பத்தஞ்சு. அக்காவுக்கு இது போதும்னு நெனக்கறேன்.”

சேக் தாவூது மெல்லிசை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். வைத்துவிட்டார்.

“முப்பத்தஞ்சு ஜிஎஸ்எம்முங்களா?”

“ஆமாங்க.”

“ஏனுங்கம்மா, மூக்குத் தொடைக்கற கைக்குட்டையே அதவிட மேல வருமுங்களே.”

“ஒரு மனுசன் எவ்வளவு பலமா இருமுனாலும், அதத் தாங்கற பலம் இதுலயும் தாராளமா இருக்குதுங்க பாய்.”

“அப்பறம் எதுக்குங்க அந்தக் கெட்டியச் செய்யறாங்க?”

“மொதல்ல வந்தது அதுதான். பெரிய ஓட்டைன்னா, ரொம்பக் கனத்த உடம்புன்னா நானே இன்னிக்கும் அதத்தான் வெக்கறேன்.”

‘பெரிய’, ‘கனத்த’ என்ற இரண்டு வார்த்தைகள்தான் சேக் தாவூதின் காதில் நின்றன. சாம்பிளைக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். எப்படியும் குப்பைக்குப் போகிறதுதான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். காத்தூன் பீவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எப்போது வலிக்கிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். மெஷ்ஷைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

குடோனில் ரோல் பிரித்து எடை போடுகிறவர் சந்தனம். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், நெடுநாளாக அங்கேதான் வேலை. முதலாளி மருந்து வாசனையோடு இரண்டு துண்டுகளைக் கொண்டுவந்து ஜிஎஸ்எம் கட்டரைக் கேட்டதும் அவர் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். அந்தக் கட்டர் இரும்பு டப்பா மாதிரி இருக்கும். துணிமேல் வைத்து அமுக்கித் திருகினால் வட்டமாக ஒரு துண்டு வெட்டிக் கொடுக்கும். அந்த வட்டத்தின் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம்.

கெட்டி வட்டம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. மெல்லிசு வட்டத்தை வைத்ததும் தராசு சும்மா இருப்பதுபோல இருந்தது.

“மூச்ச விடாத சந்தனம். ஆடுது பாரு.”

“அது என் மூச்சில்ல மொதலாளி. சரக்கு அம்புட்டுத்தேன்.” எண் நின்றதும் எட்டிப் பார்த்தார். “அரைக் கிராமுகூட இல்லையே. கொசுவல இதவிடக் கனமா இருக்கும். அக்கா வயித்துக்குள்ள கொசு போயிரக் கூடாதுன்னா இத வைக்கிறாக?”

சேக் தாவூது சிரிக்கவில்லை. மீதியாக நின்ற ஓரத் துண்டுகளை அளந்துகொண்டு, சோப்புப் போட்ட கொதிதண்ணீரில் முக்கி அலசிக் காயவைத்து மறுபடி அளந்தார். இரண்டும் நூலளவும் சுருங்கவில்லை. பிறகு இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார். கெட்டி அசையவில்லை. மெல்லிசு நீண்டு கொடுத்துத் திரும்பி வந்தது.

“பாத்தியா, இழுத்தா வருது.”

“இழுத்தா வர்றது நல்லதுதான மொதலாளி?”

“இது பனியனில்லப்பா. செவுரு.”

அன்று சோறு தின்னும்போது மனைவியிடம் முடிவைச் சொன்னார். “கெட்டியவே வெக்கச் சொல்லீர்லாம். ஊரெல்லாம் கம்மிச் சரக்கு வித்தவன்தான் நானு. அத உன்ற வயித்துக்குள்ள வெக்க விடுவனா?”

அன்பில்லாமல் சொன்னதாக நினைத்துவிடாதீர்கள். ஆயுள் முழுக்க விரலால் தொட்டுத் தொட்டு அவர் தெரிந்துகொண்ட உயர்வு ஒன்றே ஒன்று. அதைத்தான் அவளுக்கு என்று எடுத்து வைத்தார்.

“எனக்குக் குனியோணுமுங்க,” என்றாள் காத்தூன் பீவி.

“குனிஞ்சா கிழியாம இருக்கோணும்ல? அதுக்குத்தான் கெட்டி.”

அவள் ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் துவைக்க எடுத்த சட்டைப் பையில் அந்த இரண்டு வட்டங்களும் கிடந்தன. காத்தூன் பீவி ஒவ்வொன்றாக எடுத்துப் புறங்கையில் வைத்துப் பார்த்தாள். மெல்லிசு பாலாடை மாதிரி கையோடு படிந்தது. கெட்டி அப்பளம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. இதைப் போய்ச் சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். துணி விஷயத்தில் அவரிடம் வாயால் பேசி ஜெயித்தவர்கள் காதர்பேட்டையில் கிடையாது. மிஷினின் மூடியைத் தூக்கினாள்.

சேக் தாவூதின் துவைத்த பனியன்களில் இரண்டை எடுத்தாள். வயிற்றுக்கு நேராக உள்பக்கம் ஒன்றில் மெல்லிசு வட்டத்தையும் இன்னொன்றில் கெட்டி வட்டத்தையும் வைத்து, மேலே மெத்தென்ற துணி ஒரு தட்டு கொடுத்துச் சுற்றிலும் தைத்தாள். வெளியே இருந்து பார்த்தால் தையல்கூடத் தெரியாது. கை அப்படி.

வியாழக்கிழமை மெல்லிசு வைத்த பனியனை எடுத்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டார். குடோனுக்குப் போனார், ரோல் புரட்டினார், வேளை தவறாமல் தொழுதார், வந்து கழற்றிப் போட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கெட்டி வைத்ததைக் கொடுத்தாள். ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போதே கேட்டார்:

“லேபிள எங்க கொண்டுபோயி வெச்ச? வயித்துல என்னமோ உறுத்துது.”

“நம்மூட்டுப் பனியனுக்கு ஏதுங்க லேபிளு?”

பள்ளிவாசலில் நிற்கும்வரை பரவாயில்லை. சுஜூதுக்குக் குனிந்ததும் வயிறு மடங்கியது, அந்த வட்டம் மடங்க மாட்டேன் என்றது. ஓரம் போய்ப் பதிந்தது. நிமிர்ந்தால் விட்டது. மறுபடி குனிந்தால் மறுபடி பிடித்தது. தொழுது முடித்து வெளியே வரும்போது சேக் தாவூதின் கை வயிற்றின் மேலேயே இருந்தது. பட்டன், ஜிப் வியாபாரம் செய்கிற அஃப்சல் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்:

“என்னுங்க பாய், அக்காளுக்கு ஆபரேசன்னு சொன்னாங்க. உங்களுக்குந்தானுங்களா?”

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி, பனியனைத் திருப்பிப் பிடித்துத் தடவினார். கத்திரிக்கோலால் தையலைப் பிரித்தார். வட்டம் கையில் வந்தது. தன் கட்டர் வெட்டிய வட்டம் அவருக்குத் தெரியாமல் போகுமா.

“இது என்ன?”

“நீங்க எடுத்த சரக்குதானுங்க.”

“எதுக்கு இங்க வெச்ச?”

“நேத்துப் போட்ட பனியனயும் திருப்பிப் பாருங்க. அதுல இன்னொண்ணு இருக்குது. நேத்து ஏதாச்சும் உறுத்துச்சுங்களா?”

அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. விரலால் தேடித்தான் அதன் ஓரத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

“ஏம்புள்ள, எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னேனுங்க. குனியோணும்னு சொன்னேன். நீங்க கெட்டி கெட்டின்னு சொல்லீட்டிருந்தீங்க. செரி, வயித்தையே கேட்டுப் போடலாம்னு நெனச்சேன். என்ற வயிறு இப்பப் பேச்சுக்கு ஆகாது. அதனால உங்க வயித்தக் கேட்டேன்.”

சேக் தாவூது பிரித்த பனியனை மடித்தார். மடிக்கத் தெரியாதவர்போல இரண்டு தரம் மடித்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இந்தக் கதையை டாக்டரிடம் சொன்னது அவர்தான். ஒளிக்காமல் சொன்னார், அஃப்சல் கேட்டதையும் சேர்த்து. டாக்டர் சாரதாமணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அக்கா, சொன்னா வருத்தப்படக் கூடாது. இது சோதனையே இல்ல. தோலுக்கு வெளிய வெச்சா எதுவும் குத்தும். உள்ள சதை வந்து சுத்திப் புடிச்சுக்கும், இந்த மாதிரி ஓரம் வந்து உறுத்தாது.”

“அதத்தானுங்க நானும்...” என்று ஆரம்பித்தார் சேக் தாவூது.

“இருங்க பாய். நீங்க சுடுதண்ணியில போட்டீங்களே, அதும் சோதனையில்ல. இந்தத் துணி தானாச் சுருங்காது. உள்ள வெச்சதும் கண்ணுக்குள்ள சதை வளந்து ரொம்பும். அந்தச் சதை தழும்பாகிச் சுருங்கும். சுருங்கறப்போ துணியையும் இழுத்துக்கும். கண்ணு பொடியா இருந்தா எல்லாம் ஒண்ணாச் சேந்து ஒரே தகடா ஆயிரும். பெருசா இருந்தா கண்ணுக்குக் கண்ணு தனித்தனியா நிக்கும், மடங்கும். நான் மெல்லிசச் சொன்னது அதுக்குத்தான்.”

சேக் தாவூது தகடு என்ற சொல்லைத் தன் வயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் காத்தூன் பீவியின் பக்கம் திரும்பினார். “ரெண்டு பேரு சோதனையும் தோத்துப் போச்சு. போகட்டும். இத்தன பாடு எதுக்குப் பட்டீங்கக்கா? இந்த வயிறு நல்லாகி உங்களுக்கு என்ன பண்ணோணும்?”

“நெத்தி தரையில படோணுமுங்க. நாற்காலி இல்லாமத் தொழோணும்.”

டாக்டர் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “இத நான் மொதல்லயே கேட்டிருக்கோணும்,” என்றார். பிறகு சொன்னார்: “சத்தியம் பண்ண மாட்டேன். மெல்லிசு வெச்சாக் குனியறது சுலபமா இருக்கும்னு நம்பறேன். ஆனா ஓட்டை எவ்வளவுன்னு உள்ள போயிப் பாத்தாத்தான் தெரியும். நெனச்சத விடப் பெருசா இருந்து, சுத்திலும் சதை நைஞ்சு போயிருந்தா, நான் கெட்டியத்தான் எடுப்பேன். அத வெச்சாலும் குனியலாம். என்ன, சில பேருக்கு வயித்துல பலகை கட்டுன மாதிரி இருக்கும். ரெண்டையும் மேஜை மேல எடுத்து வெச்சுக்கறேன். செரிங்களா?”

“மெல்லிசையே வெக்கப் பாருங்க. பத்தாதுன்னா நீங்க பாத்துச் செய்யுங்க,” என்றாள் காத்தூன் பீவி.

டாக்டர் பாயைப் பார்த்தார். அவர் மேஜையில் விரலால் ஒரு கட்டம் வரைந்துகொண்டிருந்தார்.

“ஓட்டைய விட்டு வெளிய எவ்வளவு விடுவீங்க?”

“சுத்திலும் அஞ்சு சென்டிமீட்டர்.”

“சுருக்கத்துக்கும் சேத்துங்களா?”

“சேத்துத்தான்.”

“அப்பச் செரிங்க,” என்றார் சேக் தாவூது.

ஆபரேஷன் அன்று அவர் வெளியே பெஞ்சில் இருந்தார். மாப்பிள்ளைகள் வந்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், அது ஆறிப்போனது. சந்தனம் குடோனைப் பூட்டிவிட்டு வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குக் கொசுவலை என்று சொன்னது அவருக்கே இப்போது உறுத்தியிருக்க வேண்டும். “மொதலாளி, கொசுவல லேசுல கிழியாது. எங்கூட்டுல கெடக்கறது எத்தன வருசத்துது தெரியுமா?” என்றார். அதற்குச் சேக் தாவூது, “சும்மா இரு சந்தனம்,” என்றார்.

டாக்டர் பச்சைத் தொப்பியோடு வெளியே வந்தார்.

“மூணு விரல் அகலந்தான். ஓரமெல்லாம் நல்ல சதை. மெல்லிசே வெச்சாச்சு.”

சேக் தாவூது தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: “வெட்டுன மிச்சம் இருக்குங்களா?”

“எதுக்குங்க பாய், மறுபடியும் எடை போடவா?”

“இல்லீங்க, தொட்டுப் பாக்கத்தான்,” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். வயிற்றைச் சுற்றி பெல்ட், குடம் தூக்கக் கூடாது, இருமும்போது தலையணையை அணைத்துக்கொள்ள வேண்டும். தொழுகை நாற்காலியில்தான். மகள்கள் மாற்றி மாற்றி வந்து இருந்துவிட்டுப் போனார்கள். சேக் தாவூது வீட்டில் இருக்கும் நேரங்களில் மனைவி எழுவதையும் உட்கார்வதையும், செக்கிங் டேபிளில் ஓடுகிற துணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்காவது பிசிறு தெரிகிறதா என்று. காத்தூன் பீவிக்கு அது பிடிக்கவில்லை. “என்ன ரோல்னு நெனச்சீங்களா?” என்று ஒருநாள் கேட்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குனியலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் அவள் அவசரப்படவில்லை. கீழே விழுந்த மிஷின் பாபின் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். அடுத்த வாரம் மண்டியிட்டு அடுப்படியைத் துடைத்தாள். நாற்காலி அதன் இடத்தில் அப்படியே இருந்தது.

நோன்பு வர இன்னும் சில நாட்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்கு மாடி ஏறி வந்த சேக் தாவூது, மனைவி முக்காடு போட்டுக்கொண்டு தொழுகை விரிப்பில் நிற்பதைப் பார்த்தார். இன்னும் தொழ ஆரம்பிக்கவில்லை. அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஏனுங்க, இந்த நாற்காலியக் கொஞ்சம் எடுங்க. நெத்தி வெக்க எடமில்ல.”

அவர் அதைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று யோசிக்காமல், கையில் பிடித்தபடி வாசல்படியில் நின்றார். அவள் கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினாள், ஓதினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். பிறகு மண்டியிட்டு மெல்ல முன்னால் சாய்ந்தாள். ஒரு கை இடையில் வயிற்றுக்குப் போகப் பார்த்தது, போகாமல் தரையில் ஊன்றியது. நெற்றி விரிப்பில் பட்டது. அங்கேயே இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்று அவருக்குத் தோன்றியது. எழுந்து, மறுபடியும் வைத்தாள்.

அவள் முகத்தை இருபுறமும் திருப்பி ஸலாம் கொடுத்து முடித்து விரிப்பை மடிக்கும்வரை அவர் நாற்காலியோடுதான் நின்றார்.

“எப்படி இருக்குது?”

“லேசா இழுக்குதுங்க.”

“இழுத்தா வருதா?”

“வருதுங்க,” என்றாள் காத்தூன் பீவி.

அவர் நாற்காலியைக் குடோனுக்குக் கொண்டுபோய்த் தராசுக்குப் பக்கத்தில் போட்டார். சந்தனம் அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு கால் ஆடுகிறது என்றார்.